வால்மீனின் தலை மட்டும் பச்சை... வால் ஏன் பச்சையில்லை?

ஜவ்வாது மலையில், ஆலங்காயம் தாண்டி இருக்கிறது காவலூர். இங்குள்ள வானாய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்பு, 1949இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோதே ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர். 1986இல் இங்கே திறக்கப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கிக்கும் அவர் பெயர்தான்.

வால்மீன் என்பது பனியும் தூசியும் சேர்ந்த கட்டி. சூரியனை நெருங்கும்போது, வெயிலில் வைத்த கற்பூரம் மாதிரி, அந்தப் பனி உருகாமலேயே வாயுவாகிவிடும். இதுவரை வெப்பத்தின் வேலை. அடுத்தது ஒளியின் வேலை. சூரியனின் புறஊதாக் கதிர் பெரிய கார்பன் மூலக்கூறுகளை உடைக்கிறது. மிஞ்சும் துண்டுகளில் ஒன்று, இரண்டே கார்பன் அணுக்கள் கொண்ட 'டைகார்பன்'. சூரிய ஒளியை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தருவது அதுதான். இதைப் பார்க்க மலையேறத் தேவையில்லை. வீட்டு கேஸ் அடுப்பின் நீலச் சுடரிலும் இந்த டைகார்பனின் ஒளி கலந்திருக்கிறது. என்ன வித்தியாசம்? அடுப்பில் எரிபொருளை உடைப்பது சூடு.

சரி, அப்போ வால் ஏன் பச்சையா இல்ல?

மின்னவைக்கும் அதே சூரிய ஒளிதான் டைகார்பனை உடைத்தும் விடுகிறது என்று 1930களில் கெர்ஹார்ட் ஹெர்ஸ்பெர்க் சொன்னார். நிரூபிப்பதுதான் பாடு. டைகார்பனைக் குப்பியில் பிடித்துவைக்க முடியாது, உடனே வேறொன்றோடு சேர்ந்துவிடும். 2021இல்தான் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் அதைச் செய்துகாட்டினார்கள். டிரை கிளீனிங் கடைகளில் புழங்கும் டெட்ராகுளோரோ எத்திலீனிலிருந்து நான்கு குளோரின் அணுக்களையும் லேசரால் கழற்றி, மிஞ்சிய டைகார்பனை இன்னொரு லேசரால் உடைத்தார்கள். ஒளித்துகள் ஒன்று போதாது, இரண்டு வேண்டும் என்பதும் தெரிந்தது.

பூமி இருக்கும் தூரத்தில் டைகார்பனின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு நாள். வாயு நொடிக்கு ஒரு கிலோமீட்டர் வேகத்தில் பரவினாலும், அதற்குள் போவது ஒன்றே முக்கால் லட்சம் கிலோமீட்டர்தான். வாலோ பல லட்சம் கிலோமீட்டர், சிலவற்றில் கோடிக்கணக்கில்! பச்சை பாதி வழிகூடப் போவதில்லை.

இது வெறும் நிற விவகாரம் இல்லை. வால்மீனிலிருந்து நொடிக்கு எவ்வளவு வாயு வெளியேறுகிறது என்பதை அந்தப் பச்சையின் பிரகாசத்தை வைத்தும் கணக்கிடுகிறார்கள். கணக்கில் போடும் ஆயுள் தப்பினால், வாயுவின் அளவும் தப்பிவிடும்.