வீடு திரும்பிய பீரங்கி



பக்கத்து வீட்டு வலீமாவுக்கு உங்கள் சஹனை இரவல் கொடுக்கிறீர்கள். விருந்து முடிந்ததும் கழுவித் திருப்பித் தருகிறார்கள். "எனக்கொரு சஹன் அன்பளிப்பாகக் கிடைத்தது" என்று சொல்வீர்களா? மாட்டீர்கள். நம் அமானிதம் நம்மிடம் வந்தது, அவ்வளவுதான். கேட்டு வாங்கிய பொருளுக்கே இந்த நியாயம் என்றால், பறித்துச் சென்ற பொருளுக்கு என்ன நியாயம்?

1765ஆம் ஆண்டு ஒல்லாந்துக் கவர்னர் வான் எக் படையோடு மலையேறிக் கண்டியைப் பிடித்தார். அரண்மனை சூறையாடப்பட்டது. லெவ்கே திசாவை என்ற பிரதானி மன்னருக்குக் காணிக்கையாகக் கொடுத்த சிறிய பீரங்கியும் அதில் போயிற்று. வெண்கலத்தில் செய்து, பொன்னும் வெள்ளியும் மாணிக்கக் கற்களும் பதித்த பீரங்கி அது. பின்னர் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் காட்சிப் பொருளாக நின்றது.

"ராஜாவின் பீரங்கிக்கும் ஹட்டனில் இருக்கும் எங்களுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். போர்த்துக்கேயர் கரையோர முஸ்லிம்களை விரட்டியபோது அடைக்கலம் தந்தவர் கண்டி மன்னர் செனரத். இன்று தேயிலை நிற்கும் இந்த மலைகளும் அந்த இராச்சியத்தின் பூமிதான். உண்ட வீட்டின் உடைமை பறிபோனால் நமக்கும் நோக வேண்டாமா?

அந்தப் பீரங்கி 2023இல் திரும்பி வந்தது. ஆகஸ்ட் மாதம் உரிமை கைமாறியது. டிசம்பரில் இரண்டு வாள்கள், ஒரு கத்தி, இரண்டு துப்பாக்கிகளோடு கொழும்பு தேசிய நூதனசாலைக்கு வந்து சேர்ந்தது. போய் 258 ஆண்டுகள்! அந்த நூதனசாலையைக் கட்டியவர் நம் வாப்பிச்சி மரிக்கார். அன்பளிப்பாக என்ன வேண்டும் என்று கவர்னர் கேட்க, "வெள்ளிக்கிழமைகளில் மூடுங்கள்" என்றாராம். நம் மூத்தவர்கள் வழிவழியாகச் சொல்லும் செய்தி இது.

இது ஒல்லாந்தரின் தயவா? இல்லை. நூதனசாலைப் பணிப்பாளராக இருந்த பி.எச்.டி.எச். டி சில்வா, எந்த நாட்டில் நம் பொருள் எது இருக்கிறது என்று தேடித் தேடிப் பட்டியலிட்டு 1975இல் நூலாக்கினார். கேட்டவுடன் யாரும் கொடுத்துவிடவில்லை. ஆனால் எழுத்து இருந்தது. பின்னாளில் ஒல்லாந்து ஆய்வாளர்களும் நம் நாட்டவரும் ஒன்றாக அமர்ந்து, யார், எப்போது, எப்படி எடுத்தார்கள் என்று ஆராய்ந்தபோது உண்மை நிலைத்தது. கிழக்குக் கரையில் கிடைத்த தாரா சிலை இன்னும் லண்டனில்தான் இருக்கிறது.

மக்கா வெற்றி நாளில் கஃபாவின் சாவி நபி (ஸல்) அவர்களின் கைக்கு வந்தது. கேட்டவர்கள் பலர் இருந்தும், அதைப் பரம்பரையாக வைத்திருந்த உஸ்மான் இப்னு தல்ஹா (ரலி) அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். வென்றவருக்கும் உரியவரின் உரிமை உரிமைதான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து பாருங்கள். மூத்தம்மாவின் அறபுத்தமிழ் ஏடு இருக்கலாம். பித்தளைப் படிக்கம் இருக்கலாம். பழைய சாமான் வியாபாரி வாசலில் வந்து நிற்கும் முன், அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று பெரியவர்களிடம் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வையுங்கள். அடுத்தவர் பொருள் ஏதும் உங்கள் அலுமாரியில் தங்கியிருந்தால், அதை இன்றே கொடுத்தனுப்புங்கள். 258 ஆண்டுகள் நமக்கு ஆயுள் இல்லை.