இலவசக் கல்விக்கும் முதல் வேண்டும்

புடவை வியாபாரத்துக்கு அளவெட்டி போனபோது வாடிக்கைத் தாயொருவர் கேட்டார்: "பிள்ளை கம்பஸுக்கு எடுபட்டிட்டான் நானா, செலவுக்கு என்ன செய்யிறது?"

அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை, தூரத்துக்குத்தான் விலை. திருநெல்வேலி வளாகமென்றால் வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வரலாம். யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமோ கிளிநொச்சியில். பேராதனை கிடைத்தால் தங்குவதும் சாப்பாடும் கைக்காசு.

1981இல் வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலி ஆரம்பித்த மஹாபொல நிதியம், வியாபாரிகள் கடை போட்ட வர்த்தகச் சந்தைகளாலும் லொத்தராலும் வளர்ந்தது. 2025 வரவு செலவுத் திட்டம் மாதக் கொடுப்பனவை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ஆக்கியது. குடும்ப வருமானமும் பார்ப்பார்கள். பதிந்த மறுநாளே கைக்கு வராது.

கடை திறக்குமுன் சில மாதச் செலவை ஒதுக்குகிறோமல்லவா? விண்ணப்பத்தில் விருப்ப வரிசை எழுதும்போதே அந்தக் கணக்கையும் போடுங்கள்.