நெறியா, கழலையா? – சிறார் கழுத்து வீக்கங்களை அறிதலும் தீர்த்தலும்

கழுத்தில் தோன்றும் வீக்கத்திற்கு நம் முன்னோர் பல சொற்களை வழங்கினர். தொண்டையில் புண் வந்தபோது கழுத்தில் கணு பருப்பதை ‘நெறி கட்டுதல்’ என்றனர். மாலைபோல் வரிசையாய் எழும் கட்டிகளைக் ‘கண்டமாலை’ என்றனர். அது பெரும்பாலும் காசநோயின் விளைவு என்பதை இன்றைய மருத்துவம் காட்டுகிறது. வலியின்றி வளரும் திரட்சி ‘கழலை’ எனப்பட்டது. இன்று நாம் இம்மூன்றையும் ‘கட்டி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால், இவற்றை வேறுபடுத்தி அறிவதே மருத்துவரின் முதற்பணியாகும்.

சிறாரின் கழுத்தில் காணும் வீக்கங்களுள் மிகப் பெரும்பாலானவை நெறிகளே. சளி, பல் சொத்தை, தலைப்புண் ஆகியவற்றால் நிணநீர்க் கணுக்கள் பருக்கின்றன. தொட்டால் வலிக்கும், விரலுக்கு நழுவும், சில வாரங்களில் வற்றும். இவற்றுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

அஞ்ச வேண்டியவை வேறு. இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்டு, கடினமாய், வலியின்றி, அசையாதிருப்பது. நான்கு முதல் ஆறு வாரங்களாகியும் வற்றாதது. காறை எலும்பின்மேல் எழுவது. காய்ச்சல், இரவு வியர்வை, உடல் மெலிவு ஆகியவற்றோடு வருவது. இத்தகைய வீக்கத்தின்மீது மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றிட்டுக் காத்திருத்தல் கூடாது.

இரத்தச் சோதனை, மார்பு எக்ஸ்ரே, ஒலியலைப் படம் ஆகியவை வழிகாட்டும். முடிவு கூறுவது திசுவாய்வே. கத்தி பட்டால் நோய் பரவிவிடும் என்னும் அச்சத்தால் பெற்றோர் பலர் இதற்குத் தயங்குகின்றனர். முறையாகக் கணுவை எடுத்து ஆய்வதால் நிணநீர்ப் புற்று பரவுவதில்லை. மாறாக, ஆய்வுக்கு முன்னரே ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் புற்று தற்காலிகமாகச் சுருங்கித் தன்னை மறைத்துக்கொள்ளும்.

புற்றென்று உறுதியானாலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. உகாண்டாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் டெனிஸ் பர்க்கிட், தாடை வீங்கிய சிறார்களைப் பற்றி 1958-இல் எழுதினார். அப்புற்றின் உயிரணுக்கள் ஓரிரு நாளில் இரட்டிக்கும் வேகமுடையவை. கத்தியால் களைய இயலாத அதனை வேதிமருந்து கரைத்தது. விரைந்து பெருகும் உயிரணுக்களையே அம்மருந்து மிகுதியாகத் தாக்குவதே காரணம். ஹாட்கின் வகைப் புற்றும் பெரும்பாலான சிறார்களிடம் குணமாகிறது. கதிர்வீச்சு வளரும் தாடையையும் தைராய்டுச் சுரப்பியையும் பாதிக்கக்கூடும் என்பதால், அதனை இயன்றவரை குறைத்தே அளிக்கின்றனர்.

மருத்துவம் பல மாதங்கள் நீளும். இடையில் வீக்கம் மறைந்துவிடும். ஆயினும் வீக்கம் மறைவது நோய் நீங்குவதாகாது. அந்நிலையில் மருந்தை நிறுத்தினால் நோய் மீளும். மீண்ட நோயைத் தீர்ப்பது அரிது.

தாப்பா மருத்துவமனையிலிருந்து ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக்கோ, கோலாலம்பூருக்கோ செல்ல வேண்டியிருக்கும். தோட்டத்துக் குடும்பத்திற்கு அப்பயணம் எளிதன்று. பலநாள் கூலியும் போகும். ஆதலால் முதன்முறை மருத்துவரைக் காணும்போதே, வீக்கம் எந்நாளில் தோன்றியது, வலித்ததா, வளர்ந்ததா என்பவற்றைத் தெளிவாய்ச் சொல்லுங்கள். பிள்ளைக்காகப் பெற்றோர் செய்யக்கூடிய முதல் உதவி அதுவே.