பழைய கொம்பியூட்டரும் புதிய விண்ணப்பமும்

நுகேகொடையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய கொம்பியூட்டர் இருக்கிறது. தம்பி வெளிநாடு போகும்போது விட்டுச் சென்றது. அதில் வின்டோஸ் எக்ஸ்பி, ஒபிஸ் 2003. எங்கள் மாதர் சங்கத்தின் கணக்கு, கூட்டக் குறிப்பு எல்லாம் அன்று அதற்குள்தான்.

2015ஆம் ஆண்டு, தையல் வகுப்புப் பெண்கள் ஆறு பேருக்குச் சுயதொழில் கடன் விண்ணப்பம் அனுப்ப வேண்டியிருந்தது. கடைசி நாள் வெள்ளிக்கிழமை. வெள்ளவத்தையிலிருந்து சங்கத்துப் பிள்ளை ஒருத்தி, தன் புதிய மடிக்கணினியில் கடிதத்தை அடித்து, வியாழன் பின்னேரம் பஸ்ஸில் வந்து பென்ட்ரைவைத் தந்தாள். திறந்தால் ஒரே கட்டமும் கிறுக்கலும்! கடையில் கேட்டோம். இந்த மெஷினால் இனிப் பிரயோசனமில்லை, புதிது வாங்குங்கள் என்றார்கள். ஆறு பெண்களின் கடனுக்கு அலைகிற எங்களிடம் அதற்குப் பணம் எங்கே?

சகோதரிகளே, மெஷின் பழுதாகவில்லை. ஒபிஸ் 2007 வந்தபோது, வேர்ட் கோப்பைச் சேமிக்கும் முறையையே மாற்றிவிட்டார்கள். பழையது 'டொக்', புதியது 'டொக்எக்ஸ்'. புதிய வேர்ட் பழையதைத் திறக்கும். பழைய வேர்ட்டுக்குப் புதியது விளங்காது. சரி, புதிய ஒபிஸைப் போடலாமென்றால் ஒபிஸ் 2013க்கு வின்டோஸ் 7 ஆவது வேண்டும், எக்ஸ்பியில் ஏறாது. மாமியார் வீட்டுச் சட்டம் மாதிரித்தான்!

"அன்ரி, பொறுங்கோ" என்ற பிள்ளை, தன் மடிக்கணினியில் 'சேவ் அஸ்' போய் 'வேர்ட் 97-2003' என்பதைத் தெரிந்து மறுபடி சேமித்தாள். என் கொம்பியூட்டரில் கடிதம் அழகாகத் திறந்தது. ஒரு சதமும் செலவில்லை.

ஆனால் பெயர்ப் பட்டியல் என்னிடம் பாமினி எழுத்துருவில் இருந்தது. அதை அவள் கணினியில் திறந்தபோது, ஆறு பெண்களின் பெயரும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக நின்றன. பாமினி, ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் தமிழ் உருவத்தை வைத்துக் காட்டுவது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மறைந்துவிடும். யுனிகோடில் அப்படியில்லை, தமிழ் எழுத்துக்களுக்கென்றே தனி எண்கள் உண்டு. பாமினியை அவள் கணினியில் ஏற்றி, எல்லாவற்றையும் ஒன்றாக்கி, பிடிஎப் ஆக எடுத்தோம். பிடிஎப்பில் எழுத்துருவும் கூடவே போகும். அச்சிடும் கடையில் குழம்பாது.

எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரல் 8உடன் நின்றுவிட்டன. அதனால் அந்தப் பழையதை நான் இணையத்தில் இணைப்பதில்லை. வின்டோஸ் 10க்கும் 2025 ஒக்டோபர் 14இல் வழக்கமான ஆதரவு முடிந்தது. வீட்டில் அது இருப்பவர்கள் கவனியுங்கள். காசு கொடுத்து ஒபிஸ் வாங்க முடியாதவர்களுக்கு லிப்ரே ஒபிஸ் இலவசம். டொக், டொக்எக்ஸ் இரண்டையும் திறக்கும். ஆனால் அதன் புதிய பதிப்புகளும் எக்ஸ்பியில் ஓடா.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விண்ணப்பத்தைக் கையளித்தோம். அன்று பின்னேரமே சங்கத்துப் பட்டியல்களை யுனிகோடுக்கு மாற்றத் தொடங்கினேன். முடிக்க மூன்று மாதம் பிடித்தது.