ஆலோசனைக்கு எவ்வளவு கேட்பது?

நெல்லிக்குப்பத்தில் 1840-களிலிருந்து சர்க்கரை ஆலை இருக்கிறது. அதே மாவட்டத்தில் சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவு ஆலை. பாய்லரிலும் பாகு காய்ச்சும் பகுதியிலும் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்து ஓய்வு பெற்றவர்கள் இந்த வட்டாரத்தில் நிறைய. வெளியூர் ஆலையிலிருந்து போன் வரும்: “சார், சும்மா ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போங்க.” எவ்வளவு கேட்பது என்று புரியாமல், கடைசியாக வாங்கிய சம்பளத்தை முப்பதால் வகுத்து ஒரு தொகையைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தக் கணக்கு தவறு. எங்கே தவறு என்று பார்ப்போம்.

வீட்டுக்கு மாதம் 60,000 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முப்பதால் வகுத்தால் நாளுக்கு 2,000. ஆனால் சம்பளக்காரருக்குக் கம்பெனி கொடுத்ததெல்லாம் இனி சொந்தச் செலவு. வீட்டுக்கு வருஷத்துக்கு 7,20,000. லேப்டாப், போன், மருத்துவக் காப்பீடு, ஆடிட்டர், வேலை தேடி அலைவது எல்லாம் சேர்த்து ஒரு 1,80,000. பி.எஃப். இல்லாததால் நாமே போட வேண்டிய சேமிப்பும் வருமான வரியும் இன்னொரு 1,80,000. ஆக 10,80,000.

இதை எத்தனை நாளால் வகுப்பது? ஞாயிறு, பண்டிகை, கல்யாணம் காட்சி, உடம்புக்கு முடியாத நாள் போனால் 270 நாள் மிஞ்சலாம். அதிலும் பாதிக்கு மேல் கொட்டேஷன் எழுதுவதிலும், போனில் பேசுவதிலும், பணம் கேட்டு நடப்பதிலும், அரவைப் பருவம் முடிந்து சும்மா இருப்பதிலும் போய்விடும். காசு வரும் நாள் 120 என்றாலே நல்ல வருஷம். 10,80,000-ஐ 120-ஆல் வகுத்தால் நாளுக்கு 9,000. பயணம், தங்கும் செலவு தனி. 2,000-க்குப் போகிறவர் தன் சேமிப்பைக் கரைத்து அடுத்தவர் ஆலையை நடத்துகிறார் என்றுதான் அர்த்தம்.

ஆனால் 9,000 என்பது தரைதான். அதற்குக் கீழே இறங்கக் கூடாது, அவ்வளவே. எவ்வளவு மேலே போகலாம் என்பதை நம் செலவு தீர்மானிக்காது, வாடிக்கையாளருக்குக் கிடைக்கும் பலன்தான் தீர்மானிக்கும். கரும்பு விலையே தரை, பலன் இரண்டையும் சேர்த்துத்தான் போடப்படுகிறது. ரெக்கவரி என்பது அரைத்த கரும்பின் எடையில் சர்க்கரையாகக் கிடைக்கும் பங்கு. 2025-26 பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த விலை, 10.25 சதவீத ரெக்கவரிக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். அதற்கு மேல் ரெக்கவரி ஒவ்வொரு 0.1 கூடும்போதும் விவசாயிக்கு 3.46 ரூபாய் கூடும். இறங்கினால் அதே அளவு குறையும். 9.5-க்குக் கீழே போனால் மட்டும் மேற்கொண்டு குறைக்கக் கூடாது, 329.05 கொடுத்தே ஆக வேண்டும்.

இனி, நாளுக்கு 2,500 டன் அரைக்கும் ஓர் ஆலையில் நீங்கள் ரெக்கவரியை 0.1 கூட்டிக் கொடுக்கிறீர்கள். தினம் 2,500 கிலோ சர்க்கரை கூடுதல். 2019 பிப்ரவரியில் நிர்ணயித்த குறைந்தபட்ச விலையான கிலோ 31 ரூபாய்க்குக் கணக்குப் போட்டாலும் நாளுக்கு 77,500. நூறு நாள் அரவைக்கு 77,50,000. ஆலை 9.0-இலிருந்து 9.1-க்கு ஏறியிருந்தால் கரும்பு விலை மாறாது, அத்தனையும் ஆலைக்கே. இருபது நாள் வேலைக்கு 1,80,000 வாங்குவதற்குப் பதிலாக நான்கு லட்சம் கேளுங்கள். ஆலைக்கு அது ஐந்து நாள் கூடுதல் சர்க்கரையின் விலையைவிடக் கொஞ்சம்தான் அதிகம்.

அதே வேலையை 10.25-இல் இருக்கும் ஆலைக்குச் செய்தால் கதை வேறு. 25,000 குவிண்டாலுக்கு 3.46 வீதம் தினம் 86,500 ரூபாய் விவசாயிக்குக் கூடுதலாகப் போகும். சர்க்கரை கிலோ 34.60-க்கு மேல் விற்றால்தான் ஆலைக்கு ஏதாவது மிஞ்சும். உழைப்பு ஒன்றே, அறிவும் ஒன்றே. ஆனால் முதல் ஆலையிடம் கேட்டதை இங்கே கேட்டால் தர மாட்டார்கள், தரவும் முடியாது. எனவே தொகை சொல்லும் முன்பு, போன பருவத்து ரெக்கவரி என்ன என்று கேட்டுவிடுங்கள்.

“பலன் வந்தால் பங்கு, வராவிட்டால் ஒன்றுமில்லை” என்று சிலர் பேசுவார்கள். ஒத்துக்கொள்ளாதீர்கள். வெட்டிய கரும்பு யார்டில் இரண்டு நாள் காய்ந்தால் ரெக்கவரி விழும். மழை பெய்தாலும் விழும். அது உங்கள் கையில் இல்லை. தரைக் கணக்கின்படி ஒரு நிலையான தொகை வாங்கிக்கொண்டு, அதற்கு மேல் ஊக்கத்தொகையை உங்கள் கைக்கு எட்டும் அளவுகளோடு கட்டுங்கள்: சக்கையில் போகும் சர்க்கரை, கழிவுப்பாகின் பியூரிட்டி. இரண்டையும் ஆலை லேப் தினமும் எழுதி வைக்கிறது, தகராறுக்கு இடமிருக்காது.

என்ன வேலை, எத்தனை முறை வருவது, அறிக்கை உண்டா என்பதை ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கேட்பதில் தவறே இல்லை.

வரி விஷயம் சுருக்கமாக. தொழில்முறைக் கட்டணம் என்றால் பில்லில் 10 சதவீதமும், தொழில்நுட்பச் சேவை என்றால் 2 சதவீதமும் டி.டி.எஸ். பிடிப்பார்கள், ரிட்டர்ன் போடும்போது அது கணக்கில் வரும். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், கட்டணத்தோடு 18 சதவீதம் சேரும். ஆலைகளுக்கு அது பெரும்பாலும் உள்ளீட்டு வரியாகத் திரும்பிவிடும்.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், உடனே செய்துகொள்ளுங்கள். குறுந்தொழிலாகப் பதிந்தவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் வர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி. பில்லில் உத்யம் எண்ணைப் போட்டு, பணம் வர வேண்டிய தேதியையும் அதன் கீழே எழுதி அனுப்புங்கள்.