தேர் வெள்ளோட்டமும் இ-இன்வாய்ஸ் கனெக்டரும்

புதிதாகச் செய்த தேரைத் திருவிழா அன்றைக்கே முதன்முதலாக யாரும் இழுப்பதில்லை. சில நாள் முன்னதாகச் சுவாமியை எழுந்தருளச் செய்யாமல், வீதியில் ஒரு சுற்று இழுத்துப் பார்ப்பார்கள். சக்கரம் எங்கே முட்டுகிறது, திருப்பத்தில் எவ்வளவு சாய்கிறது என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும். இதற்கு வெள்ளோட்டம் என்று பெயர். நம் பிள்ளைகள் ஆபீசிலிருந்து வந்து "ஏ.பி.ஐ. டெஸ்டிங், அதான் லேட்" என்கிறார்களே, அது இந்த வெள்ளோட்டம்தான். வியாபாரிகள் அறிந்த ஓர் உதாரணத்தைக் கொண்டு இதை விளக்கலாம்.

ஜி.எஸ்.டி.யில் இ-இன்வாய்ஸ் முறை 2020 அக்டோபர் 1 அன்று, ஆண்டு விற்றுமுதல் 500 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் வந்தது. படிப்படியாக இறங்கி 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியைத் தாண்டியவர்களையும் தொட்டுவிட்டது. வியாபாரிக்கு வியாபாரி போடும் பில்லை நம் கடை சாப்ட்வேர் அரசாங்க சர்வருக்கு அனுப்பும். அது சரிபார்த்து, 64 எழுத்து கொண்ட ஐ.ஆர்.என். எண்ணையும் க்யூ.ஆர். கோடையும் திருப்பி அனுப்பும். இரண்டு சர்வர்களும் பேசிக்கொள்ளும் வாசல்தான் ஏ.பி.ஐ. நம் கடைக்கென்று எழுதி வாங்கும் இணைப்புதான் கனெக்டர். அந்த எண் இல்லாத பில் சட்டப்படி பில்லே அல்ல. வாங்கினவருக்கு வரி வரவு கிடைக்காது. அவர் நமக்குப் பணத்தை நிறுத்துவார்.

இதற்குத் தேசியத் தகவலியல் மையம் ஒரு சாண்ட்பாக்ஸ் வைத்திருக்கிறது. சுவாமி ஏறாத தேர் மாதிரி. அங்கும் எண் வரும், ஆனால் சட்ட மதிப்புக் கிடையாது. சாப்ட்வேர் தம்பி வந்து ஒரு நல்ல பில்லை அனுப்பி, எண் வந்ததும் "ஓகே சார், லைவ் போயிடலாம்" என்பார். இதைச் சோதனை என்று நான் ஒப்புக்கொள்ளமாட்டேன். தப்பான பில்லை அனுப்பிப் பார்க்கணும்.

மிளகின் ஆறு இலக்க எச்.எஸ்.என். குறியீடு 090411. எக்செல் இதை வெறும் எண்ணாக எடுத்துக்கொண்டால் முன்னால் உள்ள பூஜ்யம் விழுந்து 90411 ஆகிவிடும். தில்லியின் மாநிலக் குறியீடு 07. அங்கும் இதே ஆபத்து. தமிழ்நாட்டின் 33க்கு இந்தத் தொல்லை இல்லை! பைசாக் கணக்கும் அப்படித்தான். 1,234.50 ரூபாய்க்கு 5 சதவீத வரியை 61.73 என்று முழுமையாக்கிப் பிறகு பாதியாக்கினால், ஒரு பக்கம் 30.87, மறுபக்கம் 30.86. மத்திய வரியும் மாநில வரியும் சமமாக இருக்க வேண்டியவை. இரண்டரை இரண்டரையாகத் தனித்தனியே போட்டால் இரண்டும் 30.86.

இவையெல்லாம் கண்ணில் படும் தப்புகள். பொல்லாதது வேறு. நாம் அனுப்பிய பில் போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கே எண்ணும் பதிவாகிவிட்டது, ஆனால் பதில் வருவதற்குள் லைன் அறுந்துவிட்டது என்று வையுங்கள். கனெக்டர் மறுபடி அதே பில்லை அனுப்பும். "இது ஏற்கெனவே இருக்கிறது" என்று 2150ஆம் எண் பிழை வரும். நன்றாக எழுதிய கனெக்டர் அந்தப் பழைய எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அரைகுறைக் கனெக்டர் வெறுமனே "ஃபெயில்" என்று காட்டும். கடைப்பையன் என்ன செய்வான்? பில் நம்பரை மாற்றி இன்னொன்று போடுவான். ஒரே சரக்குக்கு இரண்டு பில், இரண்டு வரி. அந்தத் தளத்தில் ரத்து செய்ய 24 மணி நேரந்தான் அவகாசம். தாண்டினால் கிரெடிட் நோட்டு போட்டு அலையணும். ஆகவே வெள்ளோட்டத்தில் பில் போய்க்கொண்டிருக்கும்போதே இன்டர்நெட் வயரைப் பிடுங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். தம்பி முறைப்பார், முறைக்கட்டும்.

சமணத்தில் தண்ணீரை வடிகட்டினால் மட்டும் போதாது. துணியில் தங்கிய சிற்றுயிர்களை எந்தக் கிணற்றில் எடுத்தோமோ அதே கிணற்றில் சேர்க்கணும். பிழைச் செய்தியும் அப்படியே. எந்தப் பில்லில் பிறந்ததோ அந்தப் பில்லின் எதிரிலேயே, கடைக்காரருக்குப் புரியும் வார்த்தையில் வந்து நிற்க வேண்டும். எங்கோ ஒரு ஃபைலில் எழுதி வைத்தால் யார் பார்ப்பது?

லைவ் போகும் நாளில் சர்வர் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாமே மாறும். ஒன்றை மாற்ற மறந்து சாண்ட்பாக்ஸ் முகவரியே நின்றுவிட்டால், எண் ஜோராக வரும், பில்லும் அச்சாகும், ஆனால் ஒன்றுகூடச் செல்லாது. முதல் பில்லின் எண்ணை அரசாங்கத் தளத்திலேயே தேடிப் பார்த்துவிட்டு லாரியை அனுப்புங்கள்.

ஒருமுறை சோதித்தாயிற்று என்று இருக்கவும் முடியாது. 2025 ஏப்ரல் 1 முதல், 10 கோடிக்கு மேற்பட்டவர்கள் பில் தேதியிலிருந்து 30 நாளுக்குள் பதிந்தாக வேண்டும். அதே ஆண்டு ஜூன் 1 முதல், பில் எண்ணில் உள்ள ஆங்கிலச் சிறிய எழுத்துகளையும் பெரிய எழுத்தாகவே அந்தத் தளம் எடுத்துக்கொள்கிறது. இரண்டையும் வேறு வேறு என்று நம்பிப் பில் வரிசை வைத்திருந்த கடைகளுக்கு, கனெக்டரில் ஒரு வரிகூட மாறாதபோதும், மறுபடி வெள்ளோட்டம் தேவைப்பட்டது.