சீறலைக் கணக்கிடுவது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசைப் பற்றவைக்க கேஸ் டார்ச்சைத் திறந்தால், நெருப்பு வைக்கும் முன்பே ஒரு சீறல் கேட்கும். அதிர்வதற்கு அங்கே தோலும் இல்லை, தந்தியும் இல்லை. வேகமாகப் பாயும் வாயு, சும்மா நிற்கும் காற்றோடு கலந்து சுழல்களாகச் சிதறுகிறது. அந்தச் சுழல்கள் ஓயாமல் உருமாறுவதால் அழுத்தம் ஏறி இறங்குகிறது. அதில் மிகச் சிறிய பங்குதான் ஒலியாகக் கிளம்பிக் காதுக்கு வருகிறது.

இதற்கு முதலில் கணக்கு எழுதியவர் ஜேம்ஸ் லைட்ஹில். ஜெட் விமானங்களின் இரைச்சல் தொல்லையாகத் தொடங்கிய காலம் அது, ஆண்டு 1952. பாய்ச்சலின் வேகம் இரண்டு மடங்கானால் ஒலியின் ஆற்றல் 256 மடங்காகும் என்றார். அதாவது, வேகத்தின் எட்டாம் அடுக்கு. நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளும் அகன்ற இன்ஜின்கள் சத்தம் குறைவாகப் போடுவது இதனால்தான். விசிறி இறக்கை போன்ற சிறு திடப்பொருள் குறுக்கே இருந்தால் கணக்கு ஏறக்குறைய ஆறாம் அடுக்கு. பட்டறைப் புகைபோக்கி விசிறிக்கும் இது பொருந்தும்: சின்ன விசிறியை விரட்டுவதைவிடப் பெரிய விசிறியை நிதானமாக ஓட்டுவதே மேல்.

இதைக் கணினியில் போடுவதுதான் சிக்கல். சாதாரணப் பேச்சொலி 60 டெசிபல் என்றால் அதன் அழுத்தம் 0.02 பாஸ்கல். சுற்றியுள்ள காற்றின் அழுத்தமோ ஒரு லட்சம் பாஸ்கலுக்கு மேல். எடை மேடையில் 25 டன் லாரியை நிறுத்தி, டிரைவர் பையில் கிடக்கும் 5 கிராம் மெட்டியின் எடையைக் கேட்பதற்குச் சமம் இது. கணக்கில் விழும் சிறு பிழையே ஒலியைவிடப் பெரிதாகிவிடும். அலைகளைச் சிதைக்காத கணக்கீட்டு முறைகளைத் தனியாகத் தேட வேண்டியிருந்தது. 1992-இல் சஞ்சீவ லேலே வெளியிட்ட முறை அவற்றில் பெயர்பெற்றது. கணக்கிடும் இடத்தைச் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் வலைக்கட்டத்தின் ஓரத்தில் அலை மோதித் திரும்பினால் இல்லாத சத்தமும் விடையில் சேரும். அதை உறிஞ்ச ஓரத்தில் தனிப் பட்டை வைப்பார்கள்.

இன்னொரு தலைவலி அளவு. சுழல்கள் மில்லிமீட்டரில், 1000 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளமோ 34 சென்டிமீட்டர். தெருக்கோடி வரை நுண்ணிய வலை விரித்தால் எந்தக் கணினியும் தாங்காது. எனவே, சுழல்கள் உள்ள இடத்தை மட்டும் நுணுக்கமாகக் கணக்கிட்டு, அதைச் சுற்றி ஒரு கற்பனைப் பரப்பை வரைவார்கள். அங்கிருந்து தொலைவில் உள்ள காதுவரை ஒலியை, ஃபௌக்ஸ் வில்லியம்ஸும் ஹாக்கிங்ஸும் 1969-இல் தந்த சமன்பாடு கொண்டுபோய்ச் சேர்க்கும். முதல் பாதிக்கே மீக்கணினி வேண்டும்; 2022-இல் திருச்சி என்.ஐ.டி.யில் நிறுவப்பட்ட 838 டெராஃப்ளாப்ஸ் திறன்கொண்ட ‘பரம் பொருள்’ போல. இரண்டாம் பாதிக்கு மேசைக் கணினியே போதும்.